மூச்சைப் பிடித்து இதயத்தை நகர்த்தினேன்

இடது மார்பில் கட்டி என்று சொன்னபோது பம்பாய் தாராவியில் எங்கள் சந்தே அழுதது. நான் அழவில்லை. அதைப் பார்த்து, இவளுக்கு விவரம் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவேன். அதற்காக, கட்டி என்றால் என்ன என்று தெரியாதவளா?

என் பயம் வேறு இடத்தில் இருந்தது. என் அம்மா ஐம்பது தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். பெரிய அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் போனான். சின்ன அண்ணன் மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் குடும்பத்துக்கு எமன் எப்போதும் இதயத்தின் வழியாகத்தான் வருவான். என்னிடமும் சில வருடங்களுக்கு முன் ஒரு தடவை வந்தான். டாக்டர்கள் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அவனைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் அறுபத்தெட்டு வயதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். இதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வது வழக்கம். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

கட்டியை அறுத்து எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். கொட்டிய முடி குட்டையாக முளைத்தது. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஆட்கள் கதிர்வீச்சை அப்படித்தான் சொல்வார்கள். செம்பூர் பக்கம் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்கும் டாக்டரம்மா மாட்டுங்காவில் ஐயர் வீட்டில் வளர்ந்தவர். நான் மாட்டுங்காவில் முப்பது வருடம் இரண்டு வீட்டில் சமைத்தவள். அதனால் அவர் தமிழ் எனக்குப் பழக்கம்.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் மார்புக்கூட்டை வரைந்தார். கட்டி இருந்த இடத்தில் ஒரு புள்ளி. அதற்குப் பின்னால், ஒரு விரல் தள்ளி, கோணலாக ஒரு மாம்பழம்.

"இதுதான் உங்க இதயம். பக்கத்துலயே ஒட்டிண்டு இருக்கு பாருங்கோ. கரண்டு அங்கே பட்டா இப்போ ஒண்ணும் தெரியாது. அஞ்சு வருஷம், பத்து வருஷம் கழிச்சுத் தெரியும். உங்களுக்கு ஏற்கெனவே ஸ்டென்ட் இருக்கு."

"அப்ப வேண்டாம்மா. கட்டியைத்தான் எடுத்தாச்சுல்லா."

"வேண்டாம்னு சொல்ல முடியாது. கட்டி திரும்பி வரக்கூடாதே. ஆனா ஒரு வழி இருக்கு. நீங்க மூச்சை நன்னா உள்ளே இழுத்துப் பிடிச்சுண்டா, நுரையீரல் விரிஞ்சு இதயத்தைப் பின்னாடி தள்ளிடும். அந்த நேரத்துல மட்டும் நாங்க கரண்டு வைப்போம். மூச்சை விட்டா மிஷின் தானா நின்னுடும். இருபது செகண்டு பிடிக்கணும். உங்க வயசுக்கு அது கஷ்டமா இருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆண்டாப் ஹில்லில் பிறந்து வளர்ந்தவள், வாய் சும்மா இருக்காது.

"டாக்டர், எங்க அத்தகிட்டப் போயி மூச்சப் பத்திப் பேசுறீங்களே. அவங்க குலவை போட்டா சயான் வரைக்கும் கேக்கும்."

அதில் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் முழுப் பொய் இல்லை. தைப்பொங்கலன்று எங்கள் தெருப் பெண்கள் ரோட்டில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவோம். முதல் பானை பொங்கும்போது குலவையை எடுப்பவள் நான். மற்றவர்கள் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் போடுவார்கள். நான் ஒரே மூச்சில் போட்டு முடிப்பேன். என்னை மிஞ்ச வந்தவர்கள் பாதியில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கர்வத்தோடுதான் ஒத்திகைக்குப் போனேன். படுக்க வைத்தார்கள். வயிற்றின் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. அதற்குள் சின்னத் திரை, திரையில் ஒரு மஞ்சள் கோடு. மூச்சை இழுத்தால் கோடு மேலே ஏறும். மேலே பச்சையாக ஒரு பட்டை. கோடு அந்தப் பச்சைக்குள் போய் அங்கேயே நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மிஷினை ஓட்டுகிற மராத்திப் பெண் அடுத்த அறையிலிருந்து, மூச்சை இழுத்து நிறுத்துங்கள் அம்மா என்று மைக்கில் ஹிந்தியில் சொன்னாள்.

"ஆயீ, ஸாஸ் லோ. ரோக்கோ."

இழுத்தேன். கோடு சர்ரென்று ஏறிப் பச்சையைத் தாண்டி எங்கோ போய்விட்டது.

"ஜ்யாதா நஹீ, ஆயீ! தோடா கம்!"

மறுபடி இழுத்தேன். அவள் குறைக்கச் சொல்லியும் மறுபடி தாண்டியது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. இவர்கள் போட்டு வைத்திருக்கிற பட்டை என் மூச்சுக்குப் போதவில்லை என்று நினைத்தேன். ஆறு தடவை ஆயிற்று. அந்தப் பெண் உள்ளே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இது பந்தயம் இல்லை ஆயீ, உங்கள் மூச்சு கூடினாலும் மிஷின் ஓடாது, குறைந்தாலும் ஓடாது என்று ஹிந்தியில் சொன்னாள். வீட்டில் பழகிக்கொண்டு நாளைக்கு வரும்படி அனுப்பிவிட்டாள்.

வீட்டில் பாயில் மல்லாந்து, நெஞ்சின் மேல் மருமகளின் போனை வைத்துக்கொண்டு பழகினேன். அவள் எண்ணுவாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னக்கா, உயிரோட இருக்கியளா?"

"இருக்கேன் இருக்கேன். நீ பேச்சுக் குடுத்து எண்ணிக்கையக் கெடுக்காத."

எனக்கு அன்றைக்குப் புரிந்தது ஒன்றுதான். குலவை போடுகிறவள் இருக்கிற மூச்சையெல்லாம் செலவழிக்கிறவள். இங்கே கேட்பது முக்கால் மூச்சு. குழாயடியில் குடத்தை விளிம்பு வரை பிடித்தால் சந்தில் வருவதற்குள் பாதி சிந்திவிடும். கழுத்து வரை பிடித்தால் ஒரு சொட்டு சிந்தாது. முப்பது வருடம் குடம் தூக்கிய எனக்கு இது தெரியாமல் போனது வெட்கம்தான். கழுத்தளவு, கழுத்தளவு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இழுத்தேன். மறுநாள் ஒத்திகையில் கோடு பச்சைக்குள் போய்ப் பூனை மாதிரி உட்கார்ந்தது. மராத்திப் பெண் மைக்கில் "ஏக்தம் பராபர்!" என்று கத்தினாள்.

கரண்டு தொடங்கியது. மூன்று வாரம், சனி ஞாயிறு தவிர தினமும் காலையில். முதல் நான்கு நாளும் நான் ராணி. வரிசையில் காத்திருக்கும் பெண்கள் எல்லோருக்கும் என் கதை தெரிந்துவிட்டது. தெரியாதவர்களுக்கு நானே சொன்னேன்.

நாலாம் நாள் சாயங்காலம் என் மகன் ஒரு சின்ன டப்பாவோடு வந்தான். அவன் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை. போனில் வருவதையெல்லாம் நம்புகிறவன்.

"யம்மா, இந்தா. இந்த மாத்திர கரண்டுல இருந்து ஹார்ட்டக் காப்பாத்துமாம். போன்ல வந்துச்சு. டாக்டருங்களே எழுதியிருக்காங்க."

"எந்த டாக்டரு? நம்ம டாக்டரம்மாவா?"

"இல்லம்மா. வெளிநாட்டு டாக்டருங்க."

"அவனுக்கு என்னையத் தெரியுமால?"

"டென்ஷன் எடுக்காதம்மா. தெனம் ஒண்ணு போடு. போதும்."

எப்போது போட வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டப்பாவில் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. எந்த மாத்திரையாக இருந்தாலும் கேட்டுவிட்டுப் போடுங்கோ என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும், என் இதயத்துக்குச் சொந்த மகன் வாங்கி வந்ததை எதற்காக ஊரைக் கேட்டுப் போட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பம்பாய் மழையில் ரெயின்கோட்டை எப்போது மாட்டுவோம்? வீட்டை விட்டு இறங்கும் முன்னால். நனைந்த பிறகா மாட்டுவோம்? அதனால் மறுநாள் காலை டீ குடித்த கையோடு மாத்திரையைப் போட்டேன். ஒன்று என்று மகன் சொன்னது சாதாரண இதயத்துக்கு. என்னுடையது அடிபட்ட இதயம். இரண்டு போட்டேன்.

பஸ் சயானைத் தாண்டும்போதே தலை கனத்தது. மருமகள் தோளில் இரண்டு தடவை சாய்ந்தேன். கரண்டு அலுப்பு என்று நினைத்தாள். படுக்கையில் ஏறினேன், கண்ணாடி மாட்டினார்கள், விளக்கை அணைத்தார்கள். ஏசி சில்லென்று இருந்தது. "ஸாஸ் லோ" என்ற குரல் கேட்டது. கழுத்தளவு இழுத்தேன். கோடு பச்சைக்குள் போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

"ஆயீ! ஆயீ!"

கண்ணைத் திறந்தால் மராத்திப் பெண் தலைமாட்டில் நிற்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குகிறாள்.

"ஸோ கயீ க்யா, ஆயீ?" தூங்கிவிட்டேனாம், மைக்கில் என் குறட்டை கேட்டதாம்.

மைக் என்பது இரண்டு பக்கமும் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மறுபடி முயன்றோம். கோடு பச்சை வரைக்கும் போகும், கொஞ்ச நேரத்தில் என்னோடு சேர்ந்து அதுவும் சரிந்து விழும். மூன்று தடவைக்குப் பிறகு அந்தப் பெண் சிரிப்பதை விட்டுவிட்டாள். அன்றைக்குக் கரண்டு இல்லை என்று இறக்கிவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். மருமகள் மகனுக்குப் போன் செய்தாள். அவன் பட்டறையிலிருந்து ஓடி வந்தான்.

டாக்டரம்மா என் நாடியைப் பிடித்துப் பார்த்தார், ரத்தக்கொதிப்பைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அலுப்பு ஜாஸ்தி ஆயிடுத்துன்னு நினைக்கறேன். நாளைக்கும் இப்படியே இருந்தா மூச்சுப் பிடிக்கறதை விட்டுடலாம். சாதாரணமா மூச்சு விட்டுண்டே பண்ற மாதிரி மாத்தி எழுதறேன். இதயத்து மேல கொஞ்சம் கூடவே படும். வேற வழி இல்லை."

மகன் தரையைப் பார்த்தான். என் பைக்குள் டப்பா இருந்தது. அதை எடுத்தால் நான் முட்டாள். எடுக்காவிட்டால் நான் பலவீனமானவள். இரண்டில் எந்தப் பெயரை வாங்குவது என்பது என்னைப் போன்ற ஒருத்திக்கு லேசான விஷயம் இல்லை. ஆனால் முட்டாளுக்கு இதயம் மிஞ்சும். டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

டாக்டரம்மா கையில் எடுத்து, திருப்பிப் படித்தார். முதலில் மகனைப் பார்த்தார், பிறகு என்னை.

"எத்தனை மணிக்குப் போட்டுண்டேள்?"

"எட்டு மணிக்கு. ரெண்டு."

"காலம்பறயா?"

"பின்ன? மழைக்கு முன்னாலதான ரெயின்கோட்டு போடணும்?"

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். மராத்திப் பெண்ணுக்கு அவர் ஹிந்தியில் சொன்னதும் அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுத் திட்டினார். நன்றாகவே திட்டினார்.

"இது மெலடோனின். தூக்கம் வரதுக்குப் போட்டுக்கற மாத்திரை. உங்க ஹார்ட் மாத்திரையோட இது ஒத்துக்குமா, இல்லையான்னு யாரைக் கேட்டேள்? சொல்லாம எதையாவது முழுங்கினா நான் எதைன்னு கண்டுபிடிக்கறது?"

"அப்ப ஹார்ட்டக் காப்பாத்தாதா டாக்டர்?" மகன் மெதுவாகக் கேட்டான். "போன்ல போட்டிருந்துச்சே."

"முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். எலிக்குக் குடுத்துப் பார்த்திருக்கா. இதைக் குடுத்துட்டுக் கரண்டு வச்சா, எலியோட இதயத்துத் தசை அவ்வளவா கெடலைன்னு எழுதியிருக்கா. மனுஷாளுக்கும் அப்படித்தான்னு இன்னும் நிச்சயமா சொல்றாப்பல இல்லை. ஒருநாள் சொல்லலாம். இன்னிக்கு உங்கம்மா இதயத்தைக் காப்பாத்தறது அவா மூச்சுதான்."

மருமகள் புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா? எலிக்குக் குடுக்குற மாத்திரையக் கொண்டாந்து அத்தைக்குக் குடுத்திருக்கீங்க. நல்ல வேளை, கூண்டு வாங்கிட்டு வரல."

நான் விடவில்லை. அந்த மாத்திரையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

"அதை உங்க மண்டையே செய்யறதும்மா. இருட்டினா தானா சுரக்கும். வெளிச்சம் இருந்தா சுரக்கறது கொறஞ்சுடும். நீங்க கடையில வாங்க வேண்டாம். நேரத்துக்கு விளக்கை அணைச்சுட்டுத் தூங்குங்கோ. தூங்கி எழுந்தா மூச்சுப் பிடிக்கத் தெம்பு இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

வெளிநாட்டு டாக்டர்கள் எலிக்குக் கொடுத்துப் பார்க்கிற சரக்கை, மூன்றாம் வகுப்போடு நின்ற என் மண்டை ஒருவர் தயவும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது! அன்று சாயங்காலமே மருமகளின் பழைய கறுப்புச் சேலையை ஜன்னலில் கட்டச் சொன்னேன். எங்கள் சந்தில் முனிசிபாலிட்டி வைத்த வெள்ளை விளக்கு நேரே என் முகத்தில் அடிக்கும். ஒன்பது மணிக்கு டிவியை நிறுத்தச் சொன்னேன். மகன் எழுந்து போய் நிறுத்தினான். அந்த வாரம் அவன் எதையுமே எதிர்த்துப் பேசுகிற நிலைமையில் இல்லை.

மறுநாள் போனேன். வரிசையில் இருந்த பெண்களுக்கு என் குறட்டைக் கதை அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருத்தி தலையணை வேண்டுமா என்று கேட்டாள். உள்ளே போய் ஏறிப் படுத்தேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் படுக்கையில் எனக்குப் பயம் வந்தது. முதல் நான்கு நாளும் நான் மூச்சைத்தான் காட்டினேன். அன்றைக்கு இதயம் கண்ணில் தெரிந்தது, டாக்டரம்மா காகிதத்தில் போட்ட அந்தக் கோணல் மாம்பழம். அம்மாவுடையது, அண்ணன்மார்களுடையது எல்லாம் அந்த வடிவத்தில்தானே இருந்திருக்கும்.

"ஸாஸ் லோ, ஆயீ."

இழுத்தேன். கழுத்தளவு. கோடு பச்சைக்குள் போயிற்று. பின்னால போ, பின்னால போ என்று என் இதயத்துக்கு நானே சொன்னேன். கூட்ட பஸ்ஸில் கண்டக்டர் சொல்வது மாதிரி. மிஷின் ரீங்காரம் போட்டது. இருபதும் ஆயிற்று. கோடு அசையவில்லை. அவள் "சோடோ" என்று சொன்ன பிறகுதான் மூச்சை விட்டேன். மறுபடி இழுத்தேன், மறுபடி நின்றது. அன்றைக்கு ஒரு தடவைகூட மிஷின் பாதியில் நிற்கவில்லை. வெளியே வந்து, தலையணை கேட்டவளிடம் சொன்னேன்: "எனக்கு வேண்டாம்மா. நீ வச்சிக்கோ, உனக்கு எவ்வளவு நேரமாகுமோ."

கடைசி நாள் வரைக்கும் அப்படியே போயிற்று. தோல் கறுத்தது, எரிந்தது, பருத்தித் துணிகூட உறுத்தியது. படி ஏறினால் அசதி. அதெல்லாம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோடு ஒருநாளும் பச்சையை விட்டு இறங்கவில்லை. விட்டுப்போன நாளையும் கடைசியில் சேர்த்து முடித்தேன். மராத்திப் பெண் எல்லா நாளின் கோடுகளையும் ஒரே திரையில் போட்டுக் காட்டினாள். ஒன்றன் மேல் ஒன்றாக, கரை மடித்துத் தைத்தது போல் இருந்தன. இளவயதுக்காரிகள்கூட இப்படிப் பிடித்ததில்லை என்றாள். அவள் எல்லோரிடமும் அப்படிச் சொல்கிறாளா என்று நான் விசாரிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு உருளையை வைத்து அழுத்தினார்கள். திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பும்படி கேட்டேன். கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு சின்ன இதழ்கள் அடித்து அடித்துத் திறந்தன. சத்தத்தையும் வைத்தார்கள். துணி துவைக்கிற மாதிரி அடித்தது. என் உடம்பில் இத்தனை வருடம் இவ்வளவு வேலை நடந்திருக்கிறது, நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா காகிதத்தை முழுவதும் படித்தார். பழைய காகிதத்தையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். மகன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, கரண்டுக்கு முன்னாடி எப்படி இருந்துதோ, இப்பவும் அப்படியே இருக்கு. துளி குறையலை."

மகன் முகத்தை மூடிக்கொண்டான். மருமகள் என் கையைப் பிடித்தாள். அவள் கைதான் சில்லென்று இருந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் டாக்டரம்மா. "கரண்டோட பாதிப்பு பல வருஷம் கழிச்சும் எட்டிப் பார்க்கும். அதனால விட்டுடக்கூடாது. வருஷா வருஷம் வந்து காட்டணும்."

"எத்தன வருசத்துக்கும்மா?"

"பத்து, பதினைஞ்சு வருஷமாவது."

எனக்கு அப்போது அறுபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. விரலை மடக்கி எண்ணினேன். ஒரு கை போதவில்லை. மறு கையையும் எடுத்து எண்ணினேன். எங்கள் குடும்பத்தில் யாரும் எட்டிக்கூடப் பார்க்காத எண்ணில் போய் நின்றது.

"எண்பத்து நாலு வரைக்கும் வரச் சொல்லுதீங்க."

"வருவேளா?"

"நான் வாரேன்," என்றேன். "நீங்க இங்கனயே இருங்க."